கத்தரிக்காய் பதினாலு

ஜூன் 6

அன்புள்ள சித்திக்கு,

முதலில் ஒரு சத்தியம் செய்யுங்கள். இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டக் கூடாது. உங்கள் அலுவலகத்தில் ஒருவர் கண்ணிலும் படக் கூடாது. அம்மாவிடம்கூட வாய் தவறிச் சொல்லிவிடாதீர்கள். செய்துவிட்டீர்களா? சரி, இப்போது வணக்கம். நலமாக இருக்கிறீர்களா? முதுகுவலி தேவலையா? இங்கே நானும் அம்மாவும் நலம்.

போனில் பேச வழியில்லை. வீட்டுப் போன் எல்லாவற்றிலும் போட்டி சம்பந்தமான செய்திதான் வருகிறது. எல்லாவற்றையும் அப்பா பார்க்கிறார். அதனால் குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். குழாயைக் கொஞ்சம் திறந்து வைத்திருக்கிறேன். கடிதத்தில் ஈரம் இருந்தால் அழுதேன் என்று நினைக்காதீர்கள்.

நீங்கள் கடைசியாக வந்தபோது அப்பா டிவி ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். இப்போது முன்னறையில் பழைய டிவி ஒன்றுகூட இல்லை. பெரிய டிவி ஒன்று, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு கரும்பலகை. 'தினம் ஒரு அணி' என்று பெயர். அன்றைக்குக் கால்பந்து ஆடப்போகிற இரண்டு குழுக்களிலிருந்தும் பதினொரு பேரைப் பொறுக்கி, ஆளுக்கொரு கற்பனை அணி சேர்க்க வேண்டும். நன்றாக ஆடுகிறவருக்கு விலை அதிகம், சுமாரானவருக்குக் குறைவு. மொத்தம் நூறு புள்ளியைத் தாண்டக் கூடாது. நிஜ ஆட்டத்தில் அவர்கள் கோல் போட்டால், பந்தைத் தடுத்தால், நம் அணிக்கு மதிப்பெண். ஆடுகிறவர்கள் நுழைவுக் கட்டணம் கட்டுவார்கள். ஜெயித்தவருக்குப் பரிசு, அப்பாவுக்கு ஒரு பங்கு. ஆட்டக்காரர்களுக்கு விலை போடுவது யார் தெரியுமா? நான்தான். எனக்கு இந்த வீட்டில் பிடித்த வேலை அது ஒன்றுதான்.

இப்போது உங்கள் உரிமத் துறை இதற்கு ஒரு சட்டம் கொண்டுவந்திருக்கிறதாமே. லைசென்ஸ் இல்லாமல் நடத்தினால் ஜெயில் என்று செய்தியில் சொன்னார்கள். அப்பா டிவியைப் பார்த்தே கத்தினார்.

"கோபுரம் மாதிரி கட்டடத்துல இருக்கிற கம்பெனிக்கும் அதே ஃபீஸ், நம்ம மாடி ரூமுக்கும் அதே ஃபீஸா? அவன் ஒரு மேட்ச்ல எடுக்கிறத நான் ஒரு வருஷத்துல பாக்க மாட்டேன். இதுல டாக்ஸ் வேற! கட்ட மாட்டேன். என்ன பண்ணிடுவாங்கன்னு பாக்கறேன்."

அம்மா, "என் தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கலாமே" என்றாள். அவ்வளவுதான். "யாரு, அந்த சீல் மகாராணிகிட்டயா? அவ ஆபீஸ்தான் நம்ம கழுத்துல கால வச்சிருக்கு. இனிமே அந்தப் பேச்சு இந்த வீட்ல கூடாது" என்றார். உங்களைத்தான் அப்படிச் சொல்கிறார். மன்னித்துவிடுங்கள்.

அப்பா ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். "விளையாட்டு வீரர்களை வச்சு ஆடினாதான லைசென்ஸ்? நாம வீரர்கள வச்சா ஆடறோம்? காய்கறிய வச்சு ஆடறோம்" என்கிறார். நாளையிலிருந்து ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஒரு காய்கறிப் பெயர். பெயர் வைக்க வேண்டியதும் நான்.

சித்தி, எனக்குப் பயமாக இருக்கிறது. அதிகாரி வந்து "உங்க வீட்ல என்ன நடக்குது?" என்று என்னைக் கேட்டால் நான் என்ன சொல்ல வேண்டும்? பொய் சொன்னால் என் காது சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். உண்மையைச் சொன்னால் அப்பாவைக் கூட்டிப்போய்விடுவார்கள். பதிலைக் கீழே தையல்கடை அக்கா பெயருக்குப் போடுங்கள். அவர் யாரிடமும்

அப்பா கதவைத் தட்டுகிறார்.


ஜூன் 17

என் அன்புக் கொசுவுக்கு,

சித்தி எழுதுவது. நலம், நலமறிய ஆவல். முதுகுவலி என்னோடு நல்ல சிநேகமாகிவிட்டது, விட்டுப்போகிற உத்தேசம் அதற்கு இல்லை. சத்தியம் செய்துவிட்டேன். நீயும் ஒன்று செய். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. உரிமம் வாங்க வேண்டியவர்களோடு எங்கள் துறை ஊழியர்கள் எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று புதிதாக ஒரு சுற்றறிக்கை வந்திருக்கிறது. நீ உரிமம் வாங்க வேண்டியவள் இல்லை, என் அக்கா மகள். அப்படிச் சொல்லி மனசைத் தேற்றிக்கொண்டு எழுதுகிறேன்.

சட்டம் நீ கேள்விப்பட்டதுதான். உரிமக் கட்டணம் எல்லோருக்கும் ஒன்றே. அதற்கு மேல், பரிசு கொடுத்தது போக மிஞ்சுவதில் ஒரு பங்கு வரி. பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்கள் ஆடவும் கூடாது, நடத்தும் இடத்தில் வேலை செய்யவும் கூடாது. கடைசி வரியை இன்னொரு முறை படி. கட்டணம் ஏன் எல்லோருக்கும் ஒன்றே என்று என்னைக் கேட்காதே. நான் அதை டைப் அடித்தவள், போட்டவள் இல்லை.

ஆண்டு முடிவதற்குள் இந்தக் கட்டணத்தைப் பற்றி ஊர் ஊராகக் கூட்டம் போட்டுப் பொதுமக்களின் கருத்தைக் கேட்கப் போகிறார்கள். பேசுகிறவருக்கு என்ன வயது இருக்க வேண்டும் என்று அறிவிப்பில் ஒன்றும் இல்லை. செய்தித்தாளில் வந்ததைத்தான் சொல்கிறேன். நானாக எதுவும் சொல்லவில்லை.

உங்கள் வீட்டு அழைப்பு மணி இன்னும் கெட்டுத்தான் கிடக்கிறதா? டிவி ரிப்பேர்காரர் வீட்டு மணி! முன்பெல்லாம் நான் வந்தால் நகத்தால் கதவைப் பிறாண்டுவேன், உன் அப்பா உள்ளேயிருந்து, "பூனை வந்திருக்கு, பால் வை" என்று கத்துவார். அந்தச் சத்தம் உனக்கு நினைவிருக்கிறதா? நீ அப்போது குட்டியாக இருந்தாய்.

நன்றாகச் சாப்பிடு. குளியலறைத் தரை வழுக்கும், பார்த்து. அம்மாவுக்கு என் அன்பு. அப்பா உடம்பு எப்படி இருக்கிறது?

அன்புடன்,
சித்தி


ஜூலை 10

அன்புள்ள சித்திக்கு,

வணக்கம். நலமா? உங்கள் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். பூனை வருகிற இடத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். அம்மா நலம். மருந்துக்கடையில் இரண்டு ஷிப்ட் பார்க்கிறாள். நான் கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் எழுதவில்லை. மறந்திருப்பீர்கள்.

காய்கறி ஆட்டம் ஆரம்பித்துவிட்டது. கோல்கீப்பர் பூசணிக்காய். ஓடிக்கொண்டே இருப்பாரே, அந்த நடு ஆட்டக்காரர் வெண்டைக்காய். எதற்கெடுத்தாலும் நடுவரோடு சண்டைக்குப் போகிறவர் பச்சை மிளகாய். எல்லோருக்கும் பிடித்த நட்சத்திரம் கத்தரிக்காய். தலையில் கிரீடம் இருக்கிறதே, அதனால். கத்தரிக்காய் பதினாலு புள்ளி. அவரை எடுத்தால் மற்ற இடங்களுக்கு மலிவாகத்தான் ஆள் பிடிக்க வேண்டும். எழுதும்போதே சிரிப்பு வருகிறது. முதல் வாரம் எனக்குப் பயமே போய்விட்டது.

விலைப் பலகையை அப்பா மாடிப்படிக்குக் கீழேயே மாட்டிவிட்டார். ஒரு நாள் ஓர் அம்மா பையோடு மேலே ஏறி வந்தார். முன்னறையில் ஆட்டம் பார்க்க ஏழெட்டுப் பேர் இருந்தார்கள்.

"தக்காளி நாலுன்னு போட்டிருக்கு. ரெண்டு கிலோ குடுங்க."

அப்பா வாயைத் திறப்பதற்குள் வழக்கமாக வருகிற லாரி டிரைவர் மாமா, டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமலேயே சொன்னார். "தக்காளி வேணாம்மா. இன்னிக்கு பெஞ்சுலதான் உக்காந்திருக்கு."

"ஏன், அழுகிப் போச்சா?"

"முட்டி வலியாம்."

அந்த அம்மா எங்கள் எல்லோரையும் ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே இறங்கிப் போனார். நாங்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்துவிட்டது. அவர் எங்கே போய் என்ன சொன்னாரோ, அடுத்த வாரமே ஓர் அதிகாரி வந்துவிட்டார்.

உங்கள் துறை இல்லை சித்தி. சந்தைத் துறை! "காய்கறி வியாபாரம் பண்றீங்களாமே. லைசென்ஸ் எங்க?" என்று கேட்டார். அப்பாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். காய்கறி இல்லை என்றால் பிறகு என்ன நடக்கிறது என்று சொல்ல வேண்டும்.

"காய் எங்க சார்?"

"வித்துப் போச்சு சார். காலைலயே."

"நல்ல யாவாரம்தான் போல" என்றார் அவர். காய்கறி லைசென்ஸுக்குக் கட்டணம் ரொம்பக் கொஞ்சம். அப்பா சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுக் கட்டிவிட்டார். அந்தச் சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறார். "பாத்தியா, நானும் லைசென்ஸ்காரன்" என்கிறார்.

போகும்போது அந்த அதிகாரி என்னிடம், "பாப்பா, இங்க காயெல்லாம் எப்ப வரும்?" என்று கேட்டார். ஹோம்வொர்க் இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் ஓட முடியுமா? நான் என்ன சொல்ல வேண்டும், சித்தி? இந்த முறை எழுதுங்கள்.

இப்படிக்கு,
கொசு


ஜூலை 24

என் அன்புக் கொசுவுக்கு,

நலம். நீயும் அக்காவும் நலமாக இருக்க வேண்டும். உன் கடிதத்தை அலுவலகத்தில் படித்திருக்கக் கூடாது. முட்டி வலித் தக்காளி வந்த இடத்தில் சிரித்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். கையெழுத்து இடம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. உரிமம் இல்லாமல் நடத்துவது ஒரு குற்றம். செய்யாத தொழிலைச் செய்வதாகக் கையெழுத்துப் போடுவது இன்னொரு குற்றம். உன் அப்பாவுக்கு மூளை உண்டு. அது எப்போதும் பக்கத்துத் தெருவில்தான் வேலை செய்யும்.

உன் கேள்வியை நான் மறக்கவில்லை. நீ கேட்டதற்கு நான்

மீதி வரியை அடித்துவிட்டேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படிக்க முயலாதே. உன்னை எனக்குத் தெரியும்.

நாளைக்கு மேலதிகாரியைப் பார்க்க நேரம் கேட்டிருக்கிறேன். இருப்பதில் நல்ல உடையாக ஒன்றை எடுத்து இஸ்திரி போட வேண்டும். வேறு விசேஷம் இல்லை.

நீ விலை போடுவதை நிறுத்து. அது மட்டும் செய். அப்பா உடம்பு எப்படி?

அன்புடன்,
சித்தி


ஆகஸ்ட் 20

அன்புள்ள சித்திக்கு,

வணக்கம். நலமா? மேலதிகாரியைப் பார்த்தீர்களா? எதற்குப் பார்த்தீர்கள்? அடித்த வரியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை, நன்றாகத்தான் அடித்திருக்கிறீர்கள்.

விலை போடுவதை நிறுத்திவிட்டேன். நீங்கள் சொன்னதால் மட்டும் இல்லை.

காய்கறி லைசென்ஸ் வாங்கினால் மாதாமாதம் கணக்குக் கொடுக்க வேண்டுமாம். என்ன காய், எத்தனை கிலோ வந்தது, எத்தனை விற்றது, எத்தனை அழுகியது. அப்பாவின் கையெழுத்து அப்பாவுக்கே புரியாது என்பதால் என்னை உட்காரவைத்தார்.

"எழுது. கத்தரிக்காய் அம்பது கிலோ. அழுகினது ரெண்டு."

"எது அழுகிச்சு?"

"ரெட் கார்டு வாங்கினவன போடு."

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். "மாட்டேன்பா."

"என்னடி மாட்டேன்?"

"விளையாட்டுக்கு பேரு வச்சேன். பொய்க் கணக்கு எழுத மாட்டேன். விலையும் இனிமே போட மாட்டேன்."

அப்பா எழுந்து நின்றார். ஆனால் என் வாய் நிற்கவில்லை. "ஃபீஸ் அநியாயம்னா அநியாயம்னு சத்தமா கத்துங்க. எதுக்குப்பா கத்தரிக்காய்னு முணுமுணுக்கறீங்க?"

அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றாள். அப்பா அம்மா பக்கம் திரும்பினார். "அப்படியே அந்த சீல் மகாராணி வாய். அதே ரத்தம்!" என்றார்.

"ஆமா" என்றேன்.

அன்றைக்கு வந்து இந்த வாளியில் உட்கார்ந்தவள்தான். அழுதேன். இந்தக் கடிதத்தில் ஈரம் இருந்தால் அது குழாய்த் தண்ணீர் இல்லை.

இப்போது அப்பாவே விலை போடுகிறார். "பூசணிக்கு பதினஞ்சா? அண்ணே, தூக்கத்துல போட்டீங்களா?" என்று எல்லோரும் கேலி செய்கிறார்கள். அப்பா என்னோடு பேசுவதில்லை. "அவள சாப்பிடச் சொல்லு" என்று அம்மாவிடம் சொல்கிறார். நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன்.

உடனே எழுதுங்கள்.

கொசு


செப்டம்பர் 14

சித்திக்கு,

வணக்கம். நலம் விசாரித்து விசாரித்து எனக்கு அலுத்துவிட்டது. ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தையல்கடையில் எட்டிப் பார்க்கிறேன். அக்கா உதட்டைப் பிதுக்குகிறார். இப்போதெல்லாம் நான் எட்டிப் பார்ப்பதற்கு முன்பே பிதுக்கிவிடுகிறார்.

பயந்துவிட்டீர்கள், அப்படித்தானே? உங்கள் வேலை, உங்கள் சுற்றறிக்கை. அப்பா சொன்னது சரிதான் என்று நினைக்க எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நினைக்க வைக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு கேள்வி எழுதினேன். அதற்கு நீங்கள் சட்டம் சொன்னீர்கள், பூனைக் கதை சொன்னீர்கள், ஒரு வரியை அடித்தீர்கள். அவ்வளவுதான்.

நீங்கள் பதில் எழுத வேண்டாம். நானே யோசித்துக்கொள்கிறேன்.


செப்டம்பர் 29

என் அன்புக் கொசுவுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கோபக் கடிதம் பழைய முகவரிக்குப் போய், அங்கே கிடந்து, யாரோ இரக்கப்பட்டு இங்கே அனுப்பியதால் வந்து சேர்ந்தது. ஆகஸ்ட் கடிதமும் அதோடுதான் வந்தது. இரண்டையும் ஒரே மூச்சில் படித்தேன். இனி மேலே எழுதியிருக்கும் முகவரிக்கே எழுது.

எனக்கு மாற்றல். திடீரென்று வந்தது. ஊர் அமைதி, வேலை குறைவு, நல்ல காற்று. பழைய கோப்புகள் வைக்கும் அறையில் என்னைப் போட்டிருக்கிறார்கள். அறைக்கு ஜன்னல் இல்லாததால் பகலிலும் விளக்குப் போட்டுத்தான் உட்கார வேண்டும், அது ஒன்றுதான் குறை. பேச்சுத் துணைக்கு ஒரு கரப்பான்பூச்சி இருக்கிறது.

நீ "ஆமா" என்று சொன்னாயே, அந்த இடத்தைப் பல தடவை படித்துவிட்டேன்.

உன் கேள்விக்கு என் அளவில் நான் பதில் சொல்லியாகிவிட்டது. உன்னிடம் இல்லை, வேறோர் இடத்தில். உன் பதிலை நான் சொல்ல முடியாது கொசு. சொல்லக் கூடாது என்பதால் இல்லை.

அக்காவிடம் மாற்றல் பற்றி எதுவும் சொல்லாதே. அப்பா உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

அன்புடன்,
சித்தி


அக்டோபர் 15

அன்புள்ள சித்திக்கு,

வணக்கம். ஜன்னல் இல்லாத அறையில் எப்படி நல்ல காற்று வரும்? நான் குழந்தை இல்லை.

எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நேற்று சந்தைத் துறைக்காரர் வந்தார். இப்போதெல்லாம் கணக்குக் கேட்க வருகிறவர், உட்கார்ந்து ஒரு பாதி ஆட்டம் பார்த்துவிட்டுத்தான் போகிறார். பச்சை மிளகாய்க்கு அவர் பரம ரசிகர். நேற்று பாதி ஆட்டத்தில் அப்பாவிடம் மெதுவாகச் சொன்னார்.

"எனக்கு எப்பவோ தெரியும் சார். காய்கறிக்காரன் வீட்ல ஒரு தராசாவது இருக்கும். நான் கண்ண மூடிட்டுத்தான் இருந்தேன். ஆனா அடுத்த மாசக் கடைசில எல்லாக் கணக்கும் மேல போகுது. அப்ப நான் உண்மைய எழுதித்தான் ஆகணும். எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு."

அவரே பேச்சை மாற்றுவதாக நினைத்துக்கொண்டு தொடர்ந்தார். "உரிமத் துறைல ஒரு கூத்து நடந்துது, கேள்விப்பட்டீங்களா? ஒரு டைப்பிஸ்ட் அம்மா நேரா மேலதிகாரி ரூமுக்குப் போயி, 'என் சொந்தக்காரர் ஒருத்தர் இந்த ஆட்டம் நடத்தறாரு, அவரோட ஃபைல் எதுவும் என் கைக்கு வரக் கூடாது'ன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. அதோட விட்டாங்களா? 'இந்த ஃபீஸ் பெரிய கம்பெனிக்கு அளவெடுத்துத் தைச்ச சட்டை, சின்னவங்க ஒளிஞ்சுதான் நடத்துவாங்க'ன்னு கீழ ஒரு வரி வேற. பேரு கேட்டாங்களாம், சொந்தக்காரர் யாருன்னு. சொல்லலையாம். தூக்கி எங்கயோ குப்பை ரூம்ல போட்டுட்டாங்க. பாவம், பிழைக்கத் தெரியல."

சிரித்தது அவர் மட்டும்தான். அம்மா கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தாள். அப்பா டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். கத்தரிக்காய் கோல் போட்டது, எல்லோரும் குதித்தார்கள், அப்பா குதிக்கவில்லை. அதிகாரி போன பிறகு, அப்பா சுவரில் மாட்டியிருந்த காய்கறிச் சான்றிதழைக் கழற்றித் திருப்பி வைத்தார். உங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சீல் மகாராணி என்றும் சொல்லவில்லை.

சித்தி, நான் எழுதிய அந்தக் கோபக் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள்.

கட்டணத்தைப் பற்றிக் கருத்துக் கேட்கும் கூட்டம் நவம்பர் எட்டாம் தேதி எங்கள் ஊர் மன்றத்தில் நடக்கிறது. அம்மா போகலாம் என்றாள். "போய் பேசினா நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்" என்கிறார் அப்பா. அவர் போகாவிட்டால் போகட்டும். நான் போவேன். பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் போவேன்.

உங்கள்
கொசு


அக்டோபர் 24

கொசு,

போகாதே.

நலம் விசாரிக்கக்கூட நேரமில்லை, இன்றைய தபாலில் இதைச் சேர்த்தாக வேண்டும். அங்கே எங்கள் துறை ஆட்கள் எல்லோரும் இருப்பார்கள். நீ வாயைத் திறந்தால் உன் அப்பாவும் நீயும் ஒன்றாக மாட்டிக்கொள்வீர்கள். பேசுகிறவருக்கு வயது இல்லை என்று நான் எழுதினேனே, அதை எழுதிய கையை வெட்ட வேண்டும். அப்போது உன் அப்பாவின் காதில் போய் விழும், அவர் போவார் என்று நினைத்தேன். உன்னை நினைத்து எழுதவில்லை. நினைத்தேனோ என்னவோ. இப்போது நினைக்கவில்லை.

நான் பட்டது போதும். நீ வீட்டில் இரு. அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வீட்டில் இரு.

சித்தி


நவம்பர் 8

அன்புள்ள சித்திக்கு,

வணக்கம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும். இங்கே அம்மா நலம், நான் நலம்.

முதலில் ஒன்று. இந்தக் கடிதத்தை நீங்கள் யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம். கரப்பான்பூச்சிக்குக்கூட.

இன்றைக்குப் போனேன். பள்ளிக்கூடச் சீருடையிலேயே போனேன், மாற்ற நேரமில்லை. மேடையில் மூன்று அதிகாரிகள். பெரிய கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து அழகாகப் பேசினார். எல்லோருக்கும் ஒரே கட்டணம் இருந்தால்தான் நியாயம், ஆடுகிறவர்களுக்கு அதுதான் பாதுகாப்பு என்றார். அவர் சொன்னதில் பாதி எனக்குச் சரியாகத்தான் பட்டது. ஆடுகிறவர்களின் பணத்துக்குப் பாதுகாப்பு வேண்டும்தானே? எனக்கு எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியாமல் போய்விட்டது.

என் முறை வந்தது. மைக் என் தலைக்கு மேலே இருந்தது. நடுவில் இருந்தவர் கேட்டார்.

"பாப்பா, யாரோட வந்தே?"

"தனியாத்தான் வந்தேன் சார்."

"பெரியவங்க யாராவது பேசணும்மா."

"பேசறவங்களுக்கு வயசு அறிவிப்புல போடலையே சார்."

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். மைக்கை இறக்கிவிட்டார்கள். என் காதெல்லாம் சூடாகிவிட்டது. எழுதிக்கொண்டுபோனதில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. அதனால் வந்ததைச் சொன்னேன்.

"எங்க வீட்ல காய்கறி விக்கல சார். ஆட்டம்தான் நடக்குது. கத்தரிக்காய்ன்னா கத்தரிக்காய் இல்ல, ஸ்ட்ரைக்கர். பூசணின்னா கோல்கீப்பர். நான்தான் பேர் வச்சேன், விலையும் நான்தான் போட்டேன். எனக்கு பதினஞ்சு வயசு. அது தப்புன்னு தெரிஞ்சதும் நிறுத்திட்டேன். நாங்க திருட்டுத்தனமா இருக்கணும்னு ஆசப்படல சார். எவ்வளவு வருதோ அதுக்குத் தகுந்த ஃபீஸ் போடுங்க, கட்டறோம். வரி கேளுங்க, கட்டறோம். பெரியவங்க சட்டைய எங்களுக்குப் போட்டுவிட்டு, ஏன் தடுக்கி விழறேன்னு கேக்காதீங்க."

சட்டை உங்களுடையது. திருடிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மன்றம் முழுக்கச் சிரிப்பு, கைதட்டல், "கத்தரிக்காய்! கத்தரிக்காய்!" என்று கூச்சல். அதிகாரி மேசையைத் தட்டினார். "அமைதி! பாப்பா, உங்க அப்பா யாரு? முகவரி என்ன?" என்றார். அங்கேதான் என் வாய் ஒட்டிக்கொண்டது. இத்தனை மாதம் உங்களிடம் கேட்டேனே, அந்தக் கேள்வியேதான் சித்தி. என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்வேன். அப்பாவை எப்படிச் சொல்வது? நின்றேன்.

கடைசி வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

"அவள விடுங்க சார். நான்தான் அந்தக் காய்கறிக்காரன்."

அப்பா! எப்போது வந்தாரோ தெரியாது. பக்கத்தில் அம்மா, மருந்துக்கடை உடையிலேயே. அப்பா மைக் வரைக்கும் நடந்து வந்து என் தோளில் கை போட்டார். எத்தனையோ வாரமாக என்னிடம் பேசாதவர், முதலில் என் காதில், "பூசணிக்கு நான் பதினஞ்சு போட்டிருக்கக் கூடாது" என்றார். பிறகு பேரையும் முகவரியையும் சொன்னார், சத்தமாக, முணுமுணுக்காமல். "நடத்தறேன், லைசென்ஸ் இல்லாமதான் நடத்தறேன். என்ன தண்டனையோ குடுங்க. ஆனா என் பொண்ணு சொன்னத எழுதிக்கோங்க. ஒரு வார்த்தை விடாம எழுதிக்கோங்க" என்றார். எழுதிக்கொண்டார்கள். நான் நின்று பார்த்தேன்.

நாளைக் காலையில் வந்து முன்னறைக்குச் சீல் வைக்கிறார்கள். வழக்குப் போடுவார்களா, அபராதத்தோடு விடுவார்களா, தெரியாது. கட்டணத்தை மாற்றுவார்களா, அதுவும் தெரியாது. லாரி டிரைவர் மாமாவும் மற்றவர்களும் சாயங்காலம் வந்து சும்மா உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். பலகையிலிருந்த காய்கறிகளை அழித்துவிட்டு, ஆட்டக்காரர்களின் நிஜப் பெயர்களை நான் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். சீல் வைக்க வருகிறவர்கள் அதைப் படிக்கட்டும்.

ஒன்று கவனித்தீர்களா? இதை வாளியில் உட்கார்ந்து எழுதவில்லை. முன்னறை மேசையில், விளக்கைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். அப்பா எதிரில் உட்கார்ந்து ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். இப்போதுதான் கேட்டார்.

"யாருக்குடி எழுதற?"

"சித்திக்கு."

ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முதுகுவலி எப்படி இருக்காம்?" என்றார். அதை மேசையில் வைத்துவிட்டு, "நான் கேட்டேன்னு எழுது" என்றார்.

எழுதிவிட்டேன். அப்பா உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார், சித்தி. உங்களை இங்கே

யாரோ கதவுக்கு வெளியே. அதிகாரிகள் காலையில்தானே வருவதாகச் சொன்னார்கள்? அப்பா எழுந்துவிட்டார். அம்மா என் கையைப் பிடிக்கிறாள். தட்டவில்லை சித்தி, இது தட்டுகிற சத்தம் இல்லை. நகத்தால் பிறாண்டுகிற